ஏழாம் நம்பர் நாத்து

எனக்குக் கோவம் வந்தாலும் பதட்டம் வந்தாலும் முதல்ல கால் ஆட ஆரம்பிச்சுரும். வாய் அதுக்கப்புறந்தான். அன்னிக்குக் கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸுல வரும்போது ரெண்டு காலும் ஆடிட்டே வந்துச்சு. பக்கத்து சீட்டு அம்மா என்ற முழங்காலையே பாத்துட்டு வந்தவங்க, அவிநாசி தாண்டினதும் கேட்டே போட்டாங்க.

"ஏஞ் சாமி, வயித்து வலியா?"

"இல்லீங்க. நாத்து வெசனம்."

அவிங்களுக்கு என்ன புரிஞ்சுதோ, பைக்குள்ள கையை உட்டு ஒரு முறுக்கை எடுத்துக் குடுத்தாங்க. நானும் வாங்கித் தின்னுட்டேன். வெசனத்துலயும் எனக்குப் பசிக்கும்.

நாத்துன்னா நெல் நாத்து இல்லீங்க, மக்காச்சோள நாத்து. நான் வர்ஷினி. விவசாயத்துல ஆராய்ச்சிப் படிப்பு படிச்சிட்டு இருந்தேன். செடிக்குத் தழைச்சத்து ரெண்டு விதமாப் போகும். ஒண்ணு நைட்ரேட், இன்னொண்ணு அம்மோனியம். நைட்ரேட்டைக் குடுத்தா எல்லா நாத்தும் ஜம்முனு வரும். அம்மோனியத்தை மட்டும் தனியா, கெட்டியாக் குடுத்துப் பாருங்க. வேர் கட்டையாகிப் பழுத்துப் போகும், இலை ஓரத்துல மஞ்சளடிச்சு அப்பிடியே வெந்துரும். ஆனா எல்லா ரகமும் ஒண்ணாட்டம் சாகாது. ஒரு ரகம் உடனே படுத்துரும், ஒரு ரகம் முக்கி முனகி நிக்கும், எங்கியோ ஒண்ணு ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும். அந்த ஒண்ணு எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என்ற வேலை.

கேக்கறவங்க "இதுக்கெல்லாமா படிப்பு?"ன்னு சிரிப்பாங்க. எங்க பக்கத்துல இது சிரிப்பு இல்ல. பல்லடம் சுத்தியும் கறிக்கோழிப் பண்ணை. எரு குமிஞ்சு கெடக்குது. அந்தப் பச்சை எருவை அப்பிடியே காட்டுல கொட்டி மக்காச்சோளம் போட்டா, மொளைச்சு வர்ற நாத்து அந்த அம்மோனியத்துலயே கருகிப் போயிருது. எங்களுக்கு அவிநாசிபாளையத்துல கொஞ்சம் காடு இருக்குது. போன பட்டத்துல என்ற அப்பா அப்பிடித்தான் கொட்டி, போட்ட அத்தனை நாத்தையும் பறி குடுத்தார். "எருவை மக்க வெச்சுப் போடுங்கப்பா"ன்னு சொன்னா, "எரு மக்கற வரைக்கும் மழை எனக்காக நிக்குமா கண்ணு?"ன்னு கேப்பார். பேசி ஜெயிக்க முடியாது.

அப்பா பேரு கிட்டுசாமி. நெருப்பெரிச்சல்ல பனியன் தைச்சு, செக்கிங், பேக்கிங் பண்ற யூனிட் வெச்சிருக்கார். காலேஜ்ல நாத்து வளக்கற ரூம்ல ஏசி கெட்டுப் போயி, சரி பண்றேன் பண்றேன்னே இழுத்துட்டு இருந்தாங்க. யூனிட் மாடியில ஒரு ரூம் சும்மாக் கெடந்துச்சு. ஏசி இருக்குது, வரிசையா டியூப் லைட் இருக்குது. அப்பாகிட்டக் கெஞ்சி அதை வாங்கிட்டேன். தரை முழுக்கத் தண்ணித் தொட்டி, தொட்டி மேல தெர்மாக்கோல் அட்டை, அட்டையில ஓட்டை போட்டு ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு நாத்து. தண்டு ஆடாம இருக்கப் பனியன் வேஸ்ட் துணியைச் சுத்தி வெச்சேன். அதுக்கு மட்டும் எங்க ஊர்ல பஞ்சமே கெடையாது.

மொத்தம் பன்னெண்டு ரகம். முதல் தடவை ரகத்துக்கு ஒரு தொட்டின்னு போட்டப்ப ஏழாம் நம்பர் ரகம் மட்டும் அம்மோனியத்துல அசையாமப் பச்சையா நின்னுச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. அப்பாகிட்ட, அம்மாகிட்ட, ஆபீஸ்ல டீ கொண்டு வர்றவர்கிட்டக் கூடச் சொல்லிட்டேன். அப்பா அன்னிலிருந்து அதை "உன்ற மாப்பிள்ளை"ன்னுதான் சொல்லுவார். "மாப்பிள்ளைக்குத் தண்ணி மாத்தியாச்சா?" "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?"

என்ற கைடு ராமாயி மேடம் மட்டும் சிரிக்கல. "ஒரு தடவை நின்னா, அது நாத்தோட குணமா, தொட்டி இருந்த எடத்தோட குணமான்னு யாருக்குத் தெரியும்? திருப்பி நிக்கட்டும், அப்புறம் பேசலாம்"னுட்டாங்க. அவிங்களும் வெள்ளகோவில் பக்கம் ஒரு காட்டுல பொறந்து வந்தவங்கதான். பேச்சுல இனிப்பு இருக்காது.

அதனால இந்தத் தடவை ஒவ்வொரு தொட்டியிலயும் பன்னெண்டு ரகத்தையும் வரிசை வரிசையா வெச்சேன். ஏழுல மிச்சமிருந்த வெதை அத்தனையும் போட்டுட்டேன். இனி ஒண்ணு கூட இல்ல. படிப்புக்குக் குடுத்திருந்த காலமும் முடிஞ்சு போச்சு. இந்த அளவுகளைக் குடுத்தாத்தான் நீட்டிப்புக்கு மேடம் எழுதுவாங்க. இல்லாட்டி பேரை எடுத்துருவாங்க. அப்பா கம்பெனியில மெர்ச்சண்டைசர் சீட்டு எனக்குன்னே காலியாக் கெடந்துச்சு. பட்டன் வந்துச்சா, லேபிள் வந்துச்சான்னு போன்ல கேட்டுட்டு உக்காந்திருக்கணும். அதை நெனச்சாலே எனக்கு மூச்சு முட்டும்.

மறுநாள் காலையில அளவெடுக்கணும். இலைப் பச்சையம் அளக்கற மெஷினை மேடத்துகிட்ட வாங்கிட்டுத்தான் அன்னிக்கு பஸ்ஸுல வந்துட்டு இருந்தேன். காலையில கெளம்பும்போது ரூம்ல எட்டிப் பாத்தேன். செவப்பு லேபிள் ஒட்டுன அம்மோனியத் தொட்டிகள்ல ஏழாம் வரிசை பச்சையா இருந்த மாதிரித்தான் தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிட்டப் போயிப் பாக்கல.

யூனிட் கேட்டுக்குள்ள காலை வைக்கறேன், சித்ராக்கா ஓடி வந்துச்சு. சித்ராதேவி, செக்கிங் சூப்பர்வைசர். உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வந்து வருசக்கணக்காச்சு, பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊர்ப் பேச்சுத்தான். கண்ணு நெம்பக் கூர்மை. ரெண்டு நீல டீசர்ட்டைக் கையில குடுத்தா, ரெண்டும் வேற வேற சாயத் தொட்டியில நனைஞ்சதுன்னு டக்குனு சொல்லிரும். எங்க தொழிலே அதுதானே. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு ஷேடு போச்சுன்னா சரக்கு வாங்கற பையர் மொத்தத்தையும் திருப்பிருவான். அதனால பேக்கிங்குக்கு முன்னாடி எல்லாப் பீஸையும் ஷேடு பாத்துப் பிரிச்சு, பச்சையோட பச்சை, வெளுப்போட வெளுப்புன்னு அடுக்கணும்.

"பாப்பா, மேல வந்து பாருங்க. அசந்து போயிருவீக."

"என்னக்கா?"

"காலைல திடுதிப்புன்னு பையர் ஆளுக ஆடிட்டுக்கு வந்துட்டாக. மாடிக்கும் ஏறுவாகன்னு மொதலாளி அண்ணே கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் போய் ஒங்க ரூமத் தொறந்தேன். ஆத்தாடி! ஒரே தொட்டிக்குள்ள ஒண்ணு பச்ச, ஒண்ணு மஞ்ச, ஒண்ணு செத்துக் கெடக்கு. ஒரு லாட்டுக்குள்ள இம்புட்டு ஷேடான்னு எனக்கு மனசே ஆறல. நாலு புள்ளைகளக் கூப்பிட்டு எல்லாத்தையும் ஷேடு பாத்துப் பிரிச்சு, அழகா அடுக்கிட்டோம்."

எனக்குக் கேட்டுச்சு. ஆனா மண்டைக்குள்ள ஏறல. மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாவி ஏறினேன்.

ரூம் அத்தனை சுத்தமா இருந்துச்சு. ஜன்னலோரத் தொட்டியெல்லாம் கரும்பச்சை நாத்து. நடுவுல வெளிர் பச்சை. அந்தப் பக்கம் எலுமிச்சை மஞ்சள். செத்தது ஒண்ணு கூடக் கண்ணுல படல, வேஸ்ட் டப்பாவுல கெடந்துச்சு. துணித் துண்டெல்லாம் புதுசா மடிச்சுச் சுத்தியிருந்துச்சு. தரையைக் கூடத் தொடச்சிருந்தாங்க.

நம்பர் எல்லாம் தொட்டி மேல ஒட்டியிருந்தேன். நாத்து மேல எதுவும் இல்ல. மூணாவது வரிசைன்னா மூணாம் நம்பர், ஏழாவது வரிசைன்னா ஏழு, அவ்வளவுதான் கணக்கு. இப்ப வரிசையே இல்ல. அதை உடக் கெரகம் ஒண்ணு இருந்துச்சு. நீல லேபிள் தொட்டியில நைட்ரேட் குடிச்சு வளந்த நாத்து எல்லாமே பச்சைதான், அது எந்த ரகமா இருந்தாலும். செவப்பு லேபிள் தொட்டியில அம்மோனியத்தைக் குடிச்சும் தாங்கி நின்னதும் பச்சை. ரெண்டு பச்சையும் இப்ப ஒரே தொட்டியில, தோளோட தோள் ஒட்டி நிக்குது. எது சொகுசா வளந்தது, எது வெசத்தைக் குடிச்சும் நின்னதுன்னு யாரு சொல்றது?

"சித்ராக்கா! எது எங்கிருந்து எடுத்தீங்க? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"எங்கிருந்துன்னு யாரு பாத்தா பாப்பா? கலரப் பாத்துத்தான எடுத்தோம்."

அவ்வளவுதான். என்ற வாய் தொறந்துச்சு. என்ன சொன்னேன்னு முழுசா எனக்கே தெரியாது. அறிவிருக்கா, கண்ணு அவிஞ்சு போச்சா, உங்களை யாரு மேல ஏறச் சொன்னது, என்ற பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேன்னு கீழ தைக்கற சத்தத்தைத் தாண்டிக் கேக்கற மாதிரிக் கத்தினேன். செக்கிங் டேபிள்ல இருந்த பொண்ணுங்க எல்லாம் படிக்கட்டுல வந்து நின்னு பாத்தாங்க. சித்ராக்கா மொகம் செவந்துருச்சு.

"வையிறதுன்னா தனியாக் கூப்பிட்டு வையுங்க பாப்பா. எம் புள்ளைக முன்னாடி வையாதீக. நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சேன்."

துப்பட்டாவை இழுத்துச் சொருவிட்டு இறங்கிப் போயிருச்சு. நான் வேஸ்ட் டப்பாவைக் கவுத்து, செத்த நாத்தை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். எதுக்குன்னு கேக்காதீங்க. கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. அப்புறம் பச்சை நாத்துல ஒண்ணைத் தூக்கி வேரைப் பாத்தேன். வெள்ளையா, நீளமா, நல்லா இருந்துச்சு. நைட்ரேட்டுல வளந்திருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும், தாங்கற ரகமா இருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும். வேர் கெடாம இருக்கறதனாலதானே அது தாங்குது! தூக்குனதை வெச்சுட்டு அடுத்ததைத் தூக்கினேன். அதுவும் அப்பிடியேதான். அழுகை வந்துருச்சு.

அப்பா வந்து கதவோரம் நின்னார். ஆடிட் நல்லபடியா முடிஞ்சிருக்கும் போல, சட்டைக் காலர்ல வேர்வை காயாமயே மொகம் தெளிஞ்சிருந்துச்சு. நான் சொல்லச் சொல்ல அந்தத் தெளிவு போயிருச்சு.

"செரி கண்ணு, சித்த இரு. அழுவாதே." தொட்டிகளைச் சுத்தி ஒரு நடை நடந்தார். கரும்பச்சைத் தொட்டிகிட்ட நின்னார். "இதெல்லாம் நல்லா இருக்கறதுதானே?"

"ஆமாங்க."

"உன்ற மாப்பிள்ளை இதுக்குள்ளதானே இருப்பான்?"

"இருப்பானுங்க. ஆனா எவன்னு தெரியாதே!"

"தெரிய வேண்டியதில்லையே. பையருக்கு அப்ரூவல் சாம்பிள் எப்பிடிக் காட்டறோம்? இருக்கறதுலயே நல்ல பீஸா எடுத்து, அயர்ன் பண்ணித்தானே காட்டறோம். பின்னால போற மொத்தச் சரக்கும் அதே மாதிரி வரும்னு நமக்குத் தெரியும், அதனால காட்டறோம். இந்தத் தொட்டி மேல ஏழுன்னு ஒட்டு. மஞ்சத் தொட்டி மேல மத்த நம்பரை ஒட்டு. போட்டோ புடிச்சு மேடத்துக்கு அனுப்பு. ஏழு தாங்கும்னு உனக்குத்தான் தெரியுமே."

சொல்லிட்டு அவர் பாட்டுக்குக் கீழ போயிட்டார். அவர் சொன்னதைக் கேக்காத மாதிரி இருக்கணும்னு பாத்தேன். முடியல. மேடம் கேட்டது என்ன? ஏழு பச்சையா நிக்குதான்னுதானே? நின்னுச்சே! காலையில எட்டிப் பாத்தப்ப நின்ன மாதிரித்தானே இருந்துச்சு? ஒரு லேபிள்ல ஏழுன்னு எழுதி, கரும்பச்சைத் தொட்டி மேல ஒட்டினேன். போனைத் தூக்கி கேமராவுல பாத்தேன். அத்தனை நேர்த்தியான படத்தை என்ற அஞ்சு வருசப் படிப்புல நான் பாத்ததே இல்ல. அதுதான் எனக்கு எரிச்சலைக் கெளப்புச்சு. நாத்து ஒருக்காலும் அப்பிடி நிக்காது. அதே ரகத்துலயே ஒண்ணு கோணலா நிக்கும், ஒண்ணு குட்டையா நிக்கும், ஒண்ணு நுனி கருகி நிக்கும். இது பெட்டியில போட்டு அனுப்பற சரக்கு மாதிரி இருந்துச்சு. எவளாவது இப்பிடி ஒரு படத்தை எனக்குக் காட்டுனா நானே மூஞ்சியில வீசுவேன்.

லேபிளைப் பிச்சுப் போட்டேன். ஆனா மேடத்துக்கும் போன் பண்ணல. என்னான்னு பண்றது?

ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. பச்சையா இருந்த அத்தனையையும், வெளிர் பச்சையையும் சேத்து, செவப்பு லேபிள் தொட்டிகளுக்கு மாத்தினேன். எல்லாருக்கும் அம்மோனியம். போன தடவையை உடக் கெட்டியா. நைட்ரேட்டுல சொகுசா வளந்து வந்ததெல்லாம் இப்பப் படுத்துரும். நெசமாத் தாங்கறது மட்டும் நிக்கும். நின்னா, எது நிக்குதோ அது என்ற மாப்பிள்ளை.

அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் நான் மனுசியாவே இல்ல. ஊட்டுக்குப் போனா உக்கார முடியல, யூனிட்டுக்கு வந்தா நிக்க முடியல. காலையில தொட்டித் தண்ணியில புளிப்பு ஏறியிருக்கான்னு பாக்கணும். அம்மோனியத்தைக் குடிக்கற செடி தண்ணியைப் புளிக்க வெச்சுரும். சாயப்பட்டறையில வாங்கிட்டு வந்த புளிப்புப் பாக்கற பேப்பரை முக்கி முக்கிக் கலர் பாப்பேன், சுண்ணாம்புத் தூள் போடுவேன், மறுபடி முக்குவேன். அஞ்சு நிமிசம் ஆகியிருக்காது, திரும்பப் போயி முக்குவேன். நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரல் நுனி எரிஞ்சுது. மேடம் போன் பண்ணாங்க, எடுக்கல. திருப்பிப் பண்ணாங்க. "அளவெடுத்துட்டு இருக்கேன் மேடம், கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு மெசேஜ் போட்டேன். அனுப்பிட்டு அந்த மெசேஜையே திருப்பித் திருப்பிப் படிச்சேன்.

நாத்து மஞ்சளாகறதை யாராவது உக்காந்து பாத்திருக்கீங்களா? பாக்கும்போது ஒண்ணும் ஆகாது. திரும்பிப் பாத்தா ஆகியிருக்கும். முதல்ல அடி இலையோட ஓரம். அப்புறம் நடு. அப்புறம் தண்டு தொவண்டுரும். ஒரு நாத்து மேல நம்பிக்கை வெச்சு, "நீதான்டா"ன்னு சொல்லிட்டுப் போவேன், டீ குடிச்சுட்டு வந்தா அதோட இலையில மஞ்சக் கோடு. கோவத்துல தொட்டியை எத்திட்டேன் ஒரு தடவை. கால் விரல் வீங்குனதுதான் மிச்சம்.

சித்ராக்கா ரெண்டு நாள் வேலைக்கு வரல. மூணாம் நாள் வந்துச்சு, என்ற பக்கம் திரும்பல. நானே கீழ போயி செக்கிங் டேபிள்ல, எல்லாப் பொண்ணுங்களும் இருக்கும்போதே, "அக்கா, நான் கத்துனது தப்பு. மன்னிச்சுக்குங்க"ன்னேன். கையிலிருந்த பீஸை மடிச்சு வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

"சரி, இன்னைக்கு எத்தன போச்சு?"

"நெறையப் போச்சு."

"சாப்பிட்டீகளா?"

"இல்ல."

"நல்லா இருக்கு போங்க. நாத்து பட்டினி கெடந்தா அழுகுறீக, நீங்க கெடந்தா யாரு அழுகுறது?"

அதுக்கப்புறம் டீ பிரேக்குக்கெல்லாம் மேல ஏறி வந்து கதவுலயே நிக்கும். உள்ள வராது. "தொட மாட்டேன் தாயி, பாத்துட்டுப் போயிடுறேன்"னு சொல்லிட்டு, "அந்தா அந்த மூலையில ஒண்ணு வெளுக்குது"ன்னு காட்டிட்டுப் போகும். சொன்ன மாதிரியே அது சாயங்காலம் வெளுத்திருக்கும். எனக்கு அதைப் பாத்தாலே எரிச்சலா வரும், வராட்டி எங்க காணோம்னு தேடுவேன்.

கடைசியில மூணே மூணு நாத்து மிஞ்சுச்சு. சுத்தியும் எல்லாம் வெந்து தொங்குது, அந்த மூணு மட்டும் கரும்பச்சையா, புது இலை உட்டுட்டு நிக்குது. தூக்கி வேரைப் பாத்தேன், வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. நான் தனியா அந்த ரூம்ல குதிச்சேன். ஏழு! ஏழுதான்! எனக்கு அதுல துளி சந்தேகம் இல்ல.

அன்னிக்குப் பாத்து ராமாயி மேடம் வந்து எறங்கிட்டாங்க. நான் போன் எடுக்காததுல அவிங்களுக்குப் பொறுமை போயிருச்சு. நீட்டிப்புக்கு எழுதிக் குடுக்கற கடைசி நாள் மறுநாளு. அப்பா பதறிப் போயி வாசல்லயே கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க மேடம், வாங்க. எளநி குடிக்கறீங்களா?"ன்னு கூடவே மாடிக்கு ஏறி வந்தார்.

மேடம் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயி, செத்துத் தொங்கற தொட்டிகளையெல்லாம் பாத்துட்டு, அந்த மூணு நாத்துகிட்டக் குனிஞ்சாங்க. இலையைத் திருப்பிப் பாத்தாங்க. தூக்கி வேரைப் பாத்தாங்க. தண்ணியில விரலை விட்டு மோந்தாங்க. அவிங்க மொகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, அத்தனை வருசத்துல நான் பாக்காத சந்தோசம்.

"இது எந்த ரகம்?"

எனக்கு முன்னாடி அப்பா சொல்லிட்டார்.

"ஏழுதானுங்க மேடம். நம்ம ஏழாம் நம்பர். அன்னிக்கே சொன்னாளே."

மேடம் என்னைப் பாத்தாங்க. அப்பா மேடத்துக்குப் பின்னால நின்னு என்னையே பாத்துட்டு இருந்தார். ஒரு தலையாட்டு போதும். எங்க ஊட்ல, வந்த ஒறம்பரை, விருந்தாளி முன்னாடி அப்பா சொன்ன வார்த்தையை நான் மறுத்ததே இல்ல. அண்ணனும் மறுத்ததில்ல, அம்மா மறுத்ததே இல்ல. அதுவும் அவர் சொன்னது பொய்யின்னு எனக்குத் தோணக் கூட இல்லீங்க. ஏழுதான்னு நானும் நம்பிட்டு இருக்கேன். கால் ஆட ஆரம்பிச்சுருச்சு. தொட்டி விளிம்பைப் புடிச்சுட்டேன், தண்ணி அலம்புச்சு.

"இல்லீங்க மேடம். எதுன்னு எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது."

அப்பா மொகம் சுருங்கிப் போச்சு. நான் நிறுத்தாம எல்லாத்தையும் கொட்டினேன். ஆடிட் வந்தது, ஷேடு பாத்துப் பிரிச்சது, ரெண்டு பச்சையும் கலந்தது, நான் போன் எடுக்காதது. மேடம் கேட்டுட்டே இருந்தாங்க. முடிச்சதும் துப்பட்டாவுல கையைத் தொடச்சுட்டு நான் நின்னேன்.

"அப்ப அளவு ஒண்ணும் இல்ல?"

"இல்லீங்க."

"எந்த ரகம் தாங்குச்சு, எந்த ரகம் தாங்கலைன்னு பன்னெண்டுல ஒண்ணுக்காவது சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"நாளைக்கு நான் என்னன்னு எழுதறது வர்ஷினி?"

மேடம் பையிலிருந்து சின்னக் கவர் மூணு எடுத்து, ஒவ்வொரு நாத்துலயும் இலை நுனியைக் கிள்ளிப் போட்டுட்டாங்க. "டிஎன்ஏ பாத்தா எந்த ரகம்னு தெரிஞ்சுரும். ஆனா அது வர நாளாகும், உன்ற தேதிக்குள்ள வராது. இதை மண்ணுக்கு மாத்து, சாக உட்டுராதே." அப்பா நீட்டுன எளநியை வாங்காமயே படியிறங்கினாங்க. கார் ஏறும்போது மட்டும், "போனை எடுத்திருக்கலாம் நீயி"ன்னாங்க. அது வலிச்ச மாதிரி வேற எதுவும் வலிக்கல.

என்ற பேரை எடுத்துட்டாங்க. நான் மெர்ச்சண்டைசர் சீட்டுல உக்காந்தேன். பட்டன் வந்துச்சா, ஜிப் வந்துச்சா, பாலி பேக்ல ஏன் ஓட்டை போடலைன்னு கத்திட்டு இருந்தேன். கத்தறதுக்கு நல்ல சீட்டுதான் அது. நாத்து மூணையும் அப்பாவே அவிநாசிபாளையம் காட்டுல கொண்டு போயி வெச்சார்னு அம்மா சொன்னாங்க. என்கிட்ட அவர் பேசறதில்ல. ஒரே ஆபீஸ்ல எதிர் எதிர் டேபிள்ல உக்காந்துட்டு, "அந்த லேபிள் காரனுக்குப் போன் பண்ணச் சொல்லு அதுகிட்ட"ன்னு சித்ராக்காகிட்டச் சொல்லுவார். நான் போன் பண்ணிட்டு, "பண்ணியாச்சுன்னு சொல்லுங்கக்கா"ம்பேன். சித்ராக்கா நடுவுல நின்னு, "எனக்குப் பீஸ் ரேட்டா, பேச்சு ரேட்டா?"ன்னு தலையிலடிச்சுக்கும்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்துல மேடம் போன் பண்ணாங்க. முதல் ரிங்லயே எடுத்தேன்.

"ரிசல்ட் வந்துருச்சு. மூணுமே ஒரே ரகம்" அப்படின்னாங்க.

"ஏழுங்களா மேடம்?"

"இல்ல. மூணாம் நம்பர்."

"மூணா? மூணு போன தடவை முதல்லயே படுத்துருச்சே மேடம்!"

"போன தடவை மூணாம் நம்பர் தொட்டி ஏசிக்கு நேர் கீழ இருந்துச்சு. குளுருல படுத்திருக்கும். ஏழு ஜன்னல் வெயில்ல இருந்துச்சு, அதனால நின்னுச்சோ என்னமோ. நீயே அனுப்பின படத்துலதான் இருக்குது, நான் இப்பத்தான் எடுத்துப் பாத்தேன்." அப்புறம் சொன்னாங்க, "மறுபடி பதிவு பண்ணலாம். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? எந்திரிச்சு நின்னதுல சேர் பின்னால சாஞ்சு உழுந்துச்சு. அப்பா எதிர்ல டிபன் பாக்ஸைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தார். சித்ராக்கா அங்க இல்ல. நானே நேரா அவர் டேபிள்கிட்டப் போனேன்.

"ஏழு இல்லீங்கப்பா. மூணாம் நம்பர்."

கையில சோத்தை எடுத்தவர் அப்பிடியே வெச்சுட்டார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் என்னை நிமிந்து பாத்தார்.

"மூணும் மூணாம் நம்பரா?"

"ஆமாங்க."

"அந்த வெதை இருக்குதா?"

"ஒரு பை நெறைய இருக்குதுங்க. அதை யாரு சட்டை பண்ணா?"

விரல்ல ஒட்டுன சோத்துப் பருக்கையைத் தட்டுனார்.

"அன்னிக்கு அந்தம்மாகிட்ட நான் சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா அது நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

எனக்கு எதிர் சேரை இழுத்துப் போட்டு உக்காரத் தோணுச்சு. உக்காந்தேன்.

"நானும் அப்பிடித்தானுங்கப்பா நெனச்சுட்டு இருந்தேன்."